பொன்னேரி வரைக்கும் வந்தவளுக்கு

அக்கா,

நேற்று சாயங்காலம் என் மகன் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். உள்ளே ஆறு டோனட். ஒன்றின்மேல் சாக்லேட், ஒன்றின்மேல் ரோஸ் கலரில் ஏதோ பூச்சு, இன்னொன்றின்மேல் கலர் கலராய் மணிகள். "சாப்பிடும்மா, நல்லா இருக்கும்" என்றான். கடித்தேன். மெத்தென்று இருந்தது, இனித்தது, அவ்வளவுதான். கள்ளின் புளிப்பு இல்லை, கடலை எண்ணெய் மணம் இல்லை. பாதியைத் தட்டில் வைத்துவிட்டு பால்கனிக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். "ஏம்மா சும்மா நடந்துகிட்டே இருக்கே?" என்று கேட்டான்.

உன் கருமாதிக்குப் பழவேற்காடு போய்விட்டு வந்து இருபது நாள் ஆகிறது. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுதினால் கொஞ்சம் அடங்குமோ என்று பேனாவை எடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்பதே உனக்குச் சிரிப்பாக இருக்கும். சிரி. அந்தப் பக்கம் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்.

கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் பனைமரங்களை வெட்டிவிட்டு ஷெட் போட ஆரம்பித்திருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கம். எங்கள் தொழிற்சாலையில் மிஷின் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியரும் அவர் மனைவியும் கெஸ்ட் ஹவுஸில் இருந்தார்கள். நீ அங்கேயே தங்கிச் சமையல். ஏரியில் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண், மீன் குழம்பைத் தவிர ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டுதான் வேலைக்குச் சேர்ந்தாயாம். ஆறே மாதத்தில் அந்த அம்மாள் செய்வதையெல்லாம் பார்த்துப் பார்த்து அவளையே சமையலறைக்குள் விடாமல் செய்துவிட்டாய். நான் ஆபீஸில் டைப்பிஸ்ட். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் நெல் வயலை நம்பிய குடும்பம். காலையில் ரயிலில் வருவேன், சாயங்காலம் ரயிலில் போவேன். என் பெயர் உன் வாயில் ஒருநாளும் நுழைந்ததில்லை. "இன்னா டைப்பு, மூஞ்சி தொங்கிக்கினு கீது?" என்பாய்.

மூஞ்சி தொங்கக் காரணம் இருந்தது. திருப்பாச்சூரில் எனக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நல்ல குடும்பம், ஆறு ஏக்கர், ஒரே கண்டிஷன்: பெண் வேலைக்குப் போகக் கூடாது. அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அதே சமயம் பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸில் ஸ்டெனோ வேலைக்கு நான் போட்டிருந்த மனுவுக்கு இன்டர்வியூ கடிதம் வந்தது. ஆபீஸ் விலாசத்துக்கு வந்ததால் வீட்டுக்குத் தெரியாது. தனியாகப் போகிறேன் என்றால் நைனா வாசலைத் தாண்ட விடமாட்டார். கல்யாணமான பெண் ஒருத்தி துணைக்கு வந்தால், சும்மா ஊர் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால், ஒருவேளை விடுவார்.

"நான் வரேன்" என்றாய், யோசிக்கக்கூட இல்லை. "எனக்கு மலை பாக்கணும். பொறந்ததுலர்ந்து தண்ணியத்தான் பாத்துக்கினு கீறேன். உப்பு காத்து அடிக்காத ஊரு ஒண்ணு இருந்தா காட்டு."

பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை இருக்கிறது என்றேன். புதன்கிழமை இன்டர்வியூ, வியாழக்கிழமை மலை. அதோடு முடிவானது.

வெள்ளைக்காரர்கள் லீவுக்கு அவர்கள் ஊருக்குப் புறப்பட்டபோது, அந்த அம்மாள் முக்கால் பாட்டில் ஸ்காட்சை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "சளிக்கு வச்சிக்கோன்னு குடுத்தா" என்று நீ சொன்னாய். அவள் என்ன பாஷையில் சொன்னாள், உனக்கு எப்படிப் புரிந்தது என்று நான் கேட்கவில்லை. நம்மிருவருக்கும் சளியும் இல்லை.

வேலை முடிந்து ரயில் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரம்தான் நம்முடையது. மதுவிலக்கை எடுத்துக் கள்ளுக்கடை திறந்திருந்த இரண்டு மூன்று வருஷங்களில் அந்த வருஷமும் ஒன்று. ஈஸ்ட் கிடைக்காத ஊரில் மைதாவைக் கள் ஊற்றிப் பிசைந்து மூடிவைப்பாய். நான் போய்ச் சேரும்போது மாவு பொங்கி ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தம்ளர் வாயால் வட்டம் வெட்டி, நான் ஆபீஸிலிருந்து கழுவிக் கொண்டுவந்த இங்க் பாட்டில் மூடியால் நடுவில் ஓட்டை போடுவாய். எண்ணெயில் அது ஊதிக்கொண்டு திரும்பும்போது "பாரு, உன் திருப்பாச்சூரு மாப்ள" என்பாய். ஏலக்காய் தட்டிய சர்க்கரையில் புரட்டி, சூடு ஆறுவதற்குள் இருவரும் நாலு நாலு தின்போம். ஓட்டைக்கு எடுத்த மாவுருண்டைகளை நீ தனியாகப் பொரித்து வைத்துக்கொள்வாய். அதில் பங்கு கேட்டால் கையைத் தட்டிவிடுவாய்.

பிறகு அந்த அம்மாள் செய்வாளே, விஸ்கியில் எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டு ஒரு கலவை, அதை நீ உன் வழியில் செய்வாய். முட்டை வைக்கிற சின்னக் கிண்ணத்தால் ஸ்காட்சை அளந்து ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, நன்னாரி சர்பத் விட்டு, கோலி சோடாவை உடைத்து மேலே. முதல் நாள் ஒரு மடக்கு குடித்துவிட்டு நான் இருமியதில் மூக்கு வழியாக வந்துவிட்டது. "மெதுவா குடி, மலை எங்கியும் ஓடிப்பூடாது" என்றாய். ஒவ்வொரு நாளும் திரும்பும்போது கொய்யா இலையை மென்று துப்பிவிட்டுத்தான் ரயில் ஏறுவேன். எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. என் அம்மா மட்டும் ஒருநாள், "ஏண்டி, ஆட்டுக்குட்டி மாரி எல வாசன அடிக்குது" என்றாள்.

அந்த மேசைமேல்தான் திட்டம் போட்டோம். எந்த ரயில், எத்தனை புடவை, எங்கே தங்குவது. நைனாவை நீயே வந்து பார்த்து, "அண்ணா, நான் கூட்டிக்கினு போய் கூட்டிக்கினு வரேன், எங்க ஊட்டு பொண்ணு மாரி பாத்துக்குவேன்" என்று சொல்லி சம்மதம் வாங்கிவிட்டாய். ஒரே ஒரு விஷயத்தில்தான் நீ பிடிவாதமாக இருந்தாய். உன் வீட்டுக்காரரின் பாடு வருகிற நாளில் நீ ஊரில் இருக்க வேண்டும்.

பாடு என்றால் என்னவென்றே எனக்கு அப்போதுதான் தெரியும். முகத்துவாரத்துப் பக்கம் இறால் வரும் இடத்தில் எல்லோரும் வலை போட முடியாது. அதனால் முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்னார் இன்ன நாள் என்று பிரித்துக்கொள்கிறார்கள். உங்களுக்குப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. அந்த ஒரு நாள் இறால்தான் மீதி நாளுக்குச் சோறு. அவர் வலை வளைக்க, நீ கரையில் நின்று இறாலை வாங்கிப் பிரித்துக் கூடையில் ஏற்ற வேண்டும். ஆள் இல்லை என்று விட்டால் அந்த முறை போனது போனதுதான்.

"கணக்கு நீ போடு. நீதான படிச்சவ" என்றாய்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, போன பாட்டிலிருந்து விரல்விட்டு எண்ணி, அடுத்தது திங்கட்கிழமை என்று கண்டுபிடித்தேன். செவ்வாய் காலையில் கிளம்பினால் சனிக்கிழமை திரும்பிவிடலாம், ஒரு தொந்தரவும் இல்லை. அதை அழகாக டைப் அடித்து, கார்பன் காப்பி எடுத்து, ஒன்றை உன்னிடம் கொடுத்தேன். நீ அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாய். நான் டைப் அடித்ததிலேயே அதுதான் நல்ல காகிதம் என்று எனக்கு ஒரு பெருமை.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் கெஸ்ட் ஹவுஸுக்கு ஓடி வந்தபோது நீ டோனட் பொரித்துக்கொண்டிருந்தாய், வழக்கத்தைவிட இரண்டு பங்கு. "ஊர்லர்ந்து இப்பதான் வந்தேன்" என்றாய். பாடு எப்படி இருந்தது என்று கேட்டேனா? கேட்கவில்லை. என் இன்டர்வியூ, என் புடவை, என் பயம், இதையே பேசிக்கொண்டிருந்தேன். பாட்டிலில் மீதியிருந்ததை இரண்டு தம்ளரிலும் சரிபாதியாக ஊற்றினாய். அன்றைக்குச் சர்பத் விடவில்லை. நாளைக்குப் பயணம் என்ற யோசனையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை நைனா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரை வந்தார். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த ரயிலில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, கை முழுக்க வளையலோடு, வெளியே தலையை நீட்டி, "அண்ணா, நான் கீறேன், நீங்க பயப்படாதீங்க" என்று கத்தினாய். நைனாவின் முகம் தெளிந்தது. நான் ஏறினேன். ரயில் நகர்ந்தது. நைனா கண்ணிலிருந்து மறைந்ததும், காகிதத்தில் சுற்றிய டோனட் பொட்டலத்தை என் மடியில் வைத்தாய்.

"டைப்பு, நான் பொன்னேரில எறங்கிக்கிறேன். நீ போய்க்கினே இரு."

எனக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை.

"நாளிக்குத்தான் எங்க பாடு. முந்தி ரெண்டு நாளு பொயலடிச்சிச்சே, வல எறக்கல. வல எறக்காத நாள நாங்க எண்ண மாட்டோம். பாடு ரெண்டு நாளு தள்ளிப் பூட்டுது."

"அது உனக்குத் தெரியாதா அக்கா? காகிதத்தைக் கொடுத்தபோதே சொல்லக் கூடாதா?"

"டைப்பு அடிச்ச பேப்பராச்சே. அதுல நீ பொயலையும் சேர்த்துதான் போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

ஊருக்குப் போன பிறகுதான், உன் வீட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிச் சொல்லித்தான், உனக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். எதிர் சீட்டில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து சொல்லியிருந்தா நீ பொட்டிய கட்டியிருக்கவே மாட்டே. இப்ப ரயில்ல குந்திக்கினு கீறே. எறங்கறதுன்னா எறங்கி நடந்து ஊட்டுக்குப் போ. திருப்பாச்சூருக்குக் கூட போ, எனக்கின்னா."

பொன்னேரி வந்தது. நீ இறங்கினாய். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "சனிக்கெழம நான் இங்கியே நிப்பேன். ஒண்ணாதான் கவரப்பேட்டைல எறங்கணும். மலைய நல்லா பாத்துக்கினு வா, எனக்குச் சொல்லணும்." ரயில் கிளம்பியதும் நான் உன்னைத் திட்டினேன் அக்கா. வாய்விட்டே திட்டினேன். பெங்களூர் போய்ச் சேரும்வரை டோனட் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

ஆனால் போனேன். லாட்ஜ் பயமாக இருந்ததால், இன்டர்வியூவுக்கு வந்த இன்னொரு பெண்ணோடு அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் ஒண்டிக்கொண்டேன். இன்டர்வியூவில் பிழையில்லாமல் டைப் அடித்தேன். மறுநாள் நந்தி மலைக்கும் தனியாகவே போனேன், உனக்குச் சொல்ல வேண்டுமே என்பதற்காக மட்டும். மேலே விளிம்பில் நின்று கீழே பார்த்தபோது பயந்துவிட்டேன். பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை நான் முதல் ரயிலைத் தவறவிட்டேன். இரண்டாவதையும் விட்டேன். மூன்றாவது ரயில் பொன்னேரியில் நின்றபோது நீ பிளாட்பாரத்தில் இருந்தாய். காலையிலிருந்து அங்கேயே. புதிய புடவை, கையில் ஒரு பை, ஊருக்குப் போய் வருகிற பெண்ணின் சகல லட்சணங்களோடும். ஏறின வேகத்தில் கேட்டாய்: "சீக்கிரம் சொல்லு, பத்து நிமிசம்தான் கீது. மலை எப்டி இருந்திச்சி? எங்க தங்கினோம்?"

சொன்னேன். விடுதியின் இரும்பு கேட்டு, கண்டிப்பான வார்டன் அம்மா, குளிர், பஸ் சுற்றிச் சுற்றி ஏறியது, குரங்குகள், மேகம் காலடியில் போனது. விளிம்பில் பயந்து உட்கார்ந்ததையும் சொன்னேன். நீ ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாய். கவரைப்பேட்டையில் இறங்கியதும் நைனாவிடம், "யப்பா, இன்னா குளிரு அண்ணா, பல்லு கிட்டிக்கிச்சி" என்றாய். அதைக் கேட்டு எனக்கே நீ வந்திருந்தாயோ என்று தோன்றிவிட்டது.

ஒரு மாதம் கழித்து வேலை உத்தரவு வந்தது. வீட்டில் பெரிய பேஜார். நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் யாரிடமும் சொல்லாமல் கும்மிடிப்பூண்டிக்கு வந்து உன்னைப் பார்த்திருக்கிறார். "நீ பார்த்த ஊராச்சேம்மா. பொண்ண விடலாமா?" என்று கேட்டாராம். நீ விடுதியின் கேட்டைச் சொன்னாய், வார்டனைச் சொன்னாய், ஒன்பது மணிக்குப் பூட்டு என்றாய், கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தாய். நைனா திரும்பி வந்து திருப்பாச்சூருக்குக் கடிதம் எழுதிப் போட்டார். நான் பெங்களூர்க்காரியானது உன் சத்தியத்தால்தான். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற, அதற்குப் பிறகு எவர் கேட்டாலும் நீ பெங்களூர் போய் வந்தவள்தான்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

கிளம்பும்போது சொன்னேன், அடுத்த வருஷமே உன்னை மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று. இரண்டு வருஷம் கழித்து உன்னிடமிருந்து ஒரு கார்டு வந்தது, யாரோ எழுதிக்கொடுத்தது. "வலை எறக்காத மாசம். சும்மாதான் கீறேன். வரட்டா?" எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருந்தது. கணவர் வீட்டில் மாமியார், நாத்தனார்கள், முட்டை வாசனைக்கே ஜன்னலைத் திறக்கிறவர்கள். நீ கூடையோடு வந்து நின்று, "இன்னா டைப்பு" என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா. வேறு எந்தக் காரணமும் இல்லை. "வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், இப்போது வேண்டாம்" என்று எழுதினேன். அடுத்த வருஷம் இன்னொரு கார்டு. ஆடிட் என்று எழுதினேன். அதற்குப் பிறகு கார்டு வரவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மலைக்கு நான் எத்தனை தடவை போயிருப்பேன்! கணவரோடு, ஆபீஸ்காரர்களோடு, ஊரிலிருந்து வந்த ஒன்றுவிட்ட உறவுக்காரர்களோடெல்லாம் போனேன். நைனா இறந்து, அவர் காரியத்துக்கு நான் வந்தபோதுகூட உன்னைத் தேடிப் பழவேற்காடு வரவில்லை, அவசரமாகத் திரும்பிவிட்டேன்.

இருபது நாளுக்கு முன்னால்தான் உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். உன் மருமகள் போனில் சொல்லியிருக்காவிட்டால் அதுவும் இல்லை. பழைய காகிதங்களில் என் விலாசம் இருந்ததாம், அதை வைத்து யார் யாரையோ விசாரித்து நம்பரைப் பிடித்திருக்கிறாள். பந்தலுக்குள் நுழைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும், "இவங்கதான் டைப்பு" என்றாள். பெண்கள் எழுந்து இடம் விட்டார்கள். எனக்கு மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை.

"அத்த அந்த மலையப் பத்தி சொல்லாத நாளே கெடையாதுங்க" என்றாள் மருமகள். "பஸ்ஸு சுத்திக்கினு சுத்திக்கினு ஏறுமாமே. மேகம் காலாண்ட போவுமாமே. மேல நின்னு கீழ பாத்து நீங்க பயந்துட்டீங்களாமே. அத்ததான் உங்க கைய கெட்டியா புட்ச்சிக்கினு, நான் கீறேன் டைப்பு, பயப்படாதேன்னு சொல்லிச்சாமே."

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய முடியும்?

அவள் நிறுத்தவில்லை. "இன்னொரு தபா வா வான்னு நீங்க கூப்ட்டுக்கினே இருப்பீங்களாமே. கார்டு மேல கார்டு போடுவீங்களாமே. 'எனக்குத்தான் நேரம் ஒழியல, டைப்பு கோச்சிக்கினு இருக்கும்'னு அத்த சாவற வரைக்கும் சொல்லிச்சிங்க."

சுற்றியிருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த இடத்தில், உன் படத்துக்கு எதிரில், உண்மையைச் சொல்லிவிட்டிருக்கலாம். நீதான் வருகிறேன் என்றாய், நான்தான் வராதே என்றேன் என்று ஒரே ஒரு வாக்கியம். வாய்வரை வந்தது.

"ஆமாம்மா. எத்தனையோ தடவை கூப்பிட்டேன். உங்க அத்தை வரவேயில்லை" என்றேன்.

என்னை ஓரிடத்தில் உட்காரவிடாமல் வைத்திருப்பது இதுதான் அக்கா. உன் வீட்டில், உன் ஆட்கள் நடுவில், நீ வரவில்லை என்று உன்மேல் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.